பனி வந்தால் என்ன செய்வீர்கள்?

எங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதிவிட்டார்கள். எங்களுக்கு என்றால், கேரளத்துச் சூரியநெல்லிக்கு மேலே தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், இருக்கும் நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கும், அவர்களுக்கு மருந்து கொடுக்கிற நர்ஸ் நிமியாகிய எனக்கும்.

போன மாதம் ஜெஸ்னா என்கிற பெண் சர்வே எடுக்க வந்தாள். ஜனங்களுக்கும் நர்ஸுக்கும் சுகாதார அறிவு எப்படி, மனப்பான்மை எப்படி என்று பார்க்கிற சர்வே. நல்ல பெண்தான். தமிழர்கள் ஆயிற்றே என்று, மலையாளக் கேள்விகளை யாரிடமோ கொடுத்துத் தமிழாக்கிக் கொண்டுவந்திருந்தாள். காலையில் தாளைக் கொடுத்தாள், மாலையில் வாங்கிக்கொண்டு போனாள்.

தமிழாக்கிய புண்ணியவான் யாரோ. "பனி வந்தால் மருத்துவமனைக்குச் செல்வீர்களா?" "பனி உள்ளபோது குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவீர்களா?" மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஜெஸ்னா வாயால் கேட்டிருந்தால் சரியாகவே சொல்லியிருப்பார்கள். ஆனால் தாளில் இருந்தது தமிழ். தமிழில் பனி என்றால் பனிதான், பாதி வருஷம் எங்கள் வாசலில் நிற்பது. அதற்கு யார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்? "செல்ல மாட்டோம்", "அனுப்புவோம்" என்று வீடு தவறாமல் டிக் போட்டார்கள். எனக்கும் ஒரு கேள்வி இருந்தது: "பனி இருந்தாலும் வேலைக்கு வருவீர்களா?" ஊசி போடுகிற அவசரத்தில் நானும் "வருவேன்" என்று பெருமையாக டிக் போட்டேன். அந்த மடத்தனத்துக்கு என்னைத்தான் உதைக்க வேண்டும்.

நேற்று லயத்து ஜனங்களைக் கூட்டி நடத்திய கூட்டத்தில், ஜெஸ்னாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிளினிக்குக்குப் பொறுப்பான டாக்டர் ஜினோ அந்த சர்வே ரிப்போர்ட்டை வாசித்தார். இங்கே காய்ச்சலை யாரும் மதிப்பதில்லையாம். நர்ஸே காய்ச்சலோடு வந்து பரப்புகிறாளாம். அதனால் தினமும் கிளினிக் திறந்து பயனில்லை, அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள் போதுமாம்.

காய்ச்சல் ரிஜிஸ்டரை அவர் முன்னால் வைத்தேன். இந்த வருஷம் மட்டும் ரிஜின் பெயர் ஆறு இடத்தில் இருக்கிறது. நாலு வயசு, உடம்பு சூடேறினால் வலிப்பு வந்துவிடும். கொழுந்து பறிக்கிற அவன் அம்மா மதலேனம்மாள் ஆறு முறையும் அரை மணி நேரத்துக்குள் அவனைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். அவளைத்தான் அக்கறையில்லாதவள் என்கிறது அந்தத் தாள்.

மதலேனம்மாள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே எதிர் லயம்கூடத் தெரியவில்லை.

"சார், எங்களுக்கு இதான் பனி. இதுக்கா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுதீக? எம்புள்ளைக்குக் காய்ச்சல்னா செருப்புக்கூடப் போடாம ஓடியாருவேன். சிஸ்டர்ட்ட கேளுங்க."

ஜெஸ்னா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டருக்கும் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் மேலே போயாச்சு சிஸ்டர். ஆர்டரும் வந்தாச்சு. அடுத்த வருஷ சர்வேயில திருத்திக்கலாம்."

தப்பு தாளில் இருக்கிறது, தண்டனை மட்டும் எங்களுக்கு. இதைச் சத்தமாகவே சொன்னேன். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மதலேனம்மாள் கேட்டாள். "எந்தக் கிழமை சார் கிளினிக்கு?"

"புதன்."

"சரி சார். ரிஜின்ட்ட சொல்லி வைக்கேன், காய்ச்சல் வந்தா புதங்கிழமை மட்டும் வரட்டும்னு."