ராணி செத்தாளா, இல்லையா

படம் தொடங்கி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மீட்டர் நான்கு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டார். திரைப்படக் காப்பகத்தின் அந்தச் சின்ன அறையில் மொத்தமே பன்னிரண்டு நாற்காலிகள். அவரையும் அவருடைய அக்காவையும் விட்டால் ஆள் கிடையாது.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் படித்தே முப்பது வருஷம் ஓட்டியவர்; பட்டப்பெயரும் அதிலிருந்து வந்ததுதான். முள் காட்டினால்தான் நம்புவார். கூடப் பிறந்தவளிடமும் அதே புத்திதான்.

அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. தனியாக இருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தபோது ஊரில் பாதிப் பேருடைய எண்ணை மனப்பாடமாகச் சொன்னவள். போன மாதம் இரண்டு தடவை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். மெல்லுகிற வாய்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மீட்டர் வீட்டுத் தொலைக்காட்சியில் இதே கதையின் கலர் படம் வந்தது. ராணி விஷம் குடித்துச் சாகிற காட்சியில் வீடே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, "இது ரெண்டாவதா எடுத்தது. மொதல்ல எடுத்ததுல அவ சாகல" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கலர் படத்துக்கு முன்னால் ஒரு கறுப்பு வெள்ளை இருந்ததே யாருக்கும் தெரியாது. முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்த கதைதான். அக்கா மூன்று நாள் அதையே சொன்னாள். நான்காம் நாள் மீட்டர் முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தை வாங்கி வந்துவிட்டார்.

"அந்தப் படத்தத் தேடிப் பிடிக்கிறேன்க்கா. ராணி பொழச்சிட்டா இந்தப் பேச்சே கெடையாது. செத்துட்டா நீ கையெழுத்துப் போட்டுடணும்."

ஒரு மனுஷியின் புத்தியைச் சினிமாவில் பந்தயம் கட்டுகிற அறிவு வேறு யாருக்கு வரும்!

இப்போது அவருக்கே பந்தயத்தில் தோற்றால் போதும் என்றிருந்தது. திரையில் மழை பெய்வதுபோல் கோடுகள் ஓடின. தளபதி சாய்ந்து நின்று காதல் வசனம் பேசினால் அரண்மனைத் தூண் ஆடியது. கலர் படத்தில் ஆயிரம் பேர் மோதிய போர், இங்கே ஒன்பது பேரோடு முடிந்தது. எல்லாம் சரி, கதை மட்டும் அச்சு அசலாக அதேதான். அதுதான் அவரைப் படுத்தியது. இப்படியே போனால் விஷக் கிண்ணமும் வந்துவிடுமே.

"ஒரு எடத்துல உக்காருடா. சின்ன வயசுலயும் இப்படித்தான்."

"பாட்ட ஓட்டிட்டுக் கடைசிய மட்டும் போடச் சொல்லவா?"

"சும்மா இரு."

கிண்ணம் வந்தது. ராணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். மீட்டர் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குடிக்காதே தாயே, குடிக்காதே என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். ராணி கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோனாள். ராஜாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே அதைச் சுவரில் வீசி அடித்தாள். அடுத்த காட்சியில் தளபதியோடு படகில் போய்க்கொண்டிருந்தாள்.

"சாகலக்கா!" மீட்டர் கைதட்டினார். "நீ சொன்னதுதான் சரி!"

திரும்பிப் பார்த்தார். அக்கா கண்களை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"நீதானக்கா சொன்ன!"

"சொன்னேன். ஆளாளுக்குச் சிரிக்கச் சிரிக்க, எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடா. ஒருவேள நான்தான் தப்போன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

மீட்டர் பால் பொங்கி வழிந்ததை எண்ணி வைத்தாரே தவிர, இதை அவர் எண்ணவே இல்லை. அவமானமாக இருந்தது. படம் ஓட்டுகிறவரின் ஜன்னலைப் போய்த் தட்டினார்.

"சார், அந்தக் கடைசிப் பகுதிய இன்னொரு தடவ போடுங்க. எங்கக்கா பாக்கல."

இந்தத் தடவை அக்கா கண் இமைக்காமல் பார்த்தாள். மீட்டரால்தான் திரையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.