தனி டம்ளர்

ராயபுரம் கல்மண்டபத்தில் வேதமாணிக்கம் மளிகை மொத்தக் கடை எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். சோப்பம்மா கடை என்று கேளுங்கள், மீன்கூடையோடு போகிறவள்கூட நின்று வழி சொல்வாள். சோப்பம்மா என்பது வேதமாணிக்கத்தின் மனைவி சுகிர்தம். இந்த மழைக்காலத்துக் காய்ச்சல்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது.

ராயபுரம் முழுக்க வீட்டுக்கு ஒருவர் படுத்துக் கிடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் பாதி காலி. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழு எழுந்து நின்றால் பாட்டைவிட இருமல்தான் ராகத்தோடு வந்தது. சுகிர்தம் பார்த்தாள். கடை வாசலில் குழாய் வைத்த டிரம் வந்தது, பக்கத்தில் கயிற்றில் கட்டிய சோப்பு வந்தது. கை கழுவாதவனுக்குச் சாமான் கிடையாது. மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு வருகிறவனிடம், "அது என்ன, தாடிக்குப் போட்ட பையா?" என்பாள். உள்ளங்கையில் இருமினவனுக்கு, முழங்கையை மடக்கி அதற்குள் இருமுவது எப்படி என்று நாலு பேர் முன்னால் பாடம் நடத்தினாள்.

இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு பிடிக்கும். ஊரிலுள்ள அழுக்கெல்லாம் அடுத்தவன் கையில்தான் இருக்கிறது என்று நம்ப ஆரம்பித்துவிடுவார்கள். சுகிர்தத்துக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது.

போதாக்குறைக்குக் கசாயம் வேறு. சுக்கு, மிளகு, துளசி, ஆடாதொடை எல்லாம் போட்டு, நாகர்கோவிலில் தன் அம்மா வைத்த பக்குவத்தில், தினமும் காலையில் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் காய்ச்சுவாள். கடையில் வேலை செய்கிற அத்தனை பேரும் குடித்தாக வேண்டும். "என் கசாயத்தக் குடிச்சவங்களுக்குக் காய்ச்சல் வராது. வந்தா எம்பேர மாத்திக் கூப்பிடுங்க" என்று சபை வாசலில் பெண்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டும் வந்திருந்தாள். அந்த ஒரு பேச்சுதான் பிற்பாடு அவள் தொண்டையில் முள்ளாக மாட்டியது.

கடைக்குப் பின்னால் குடோன். அங்கே பருப்பு புடைத்து, மிளகாய் காம்பு கிள்ளி, பாக்கெட் போடுகிற வேலை சொக்கம்மாளுக்கு. புளியந்தோப்புக் குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வருவாள். முதலாளியம்மாவையும் நீ என்றுதான் பேசுவாள், அது வடசென்னை வழக்கம். வந்த புதிதில் சுகிர்தத்துக்குச் சுருக்கென்றிருந்தது, பிறகு பழகிவிட்டது. வேலையில் ஒரு சொட்டுக் குறை சொல்ல முடியாது. சுகிர்தமே அதைச் சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் மிளகாய் மூட்டையைப் பிரித்தபோது சொக்கம்மாள் இருமினாள். விடாமல் இருமினாள். வாசலில் வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள். சுகிர்தம் உள்ளே வந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"ஏ சொக்கம்மா, வெளியே வா. எந்திச்சு வா. உங்க ஏரியாவுல வீட்டுக்கு வீடு காய்ச்சல்னு டிவியில சொல்லுதான். நீ பாட்டுக்கு இங்க கொண்டுவந்து விட்டுறாத."

"மொளகா நெடிம்மா. ஜொரம்லாம் ஒண்ணியும் இல்ல. இந்தா, தொட்டுப் பாரு."

சொக்கம்மாள் கையை நீட்டினாள். சுகிர்தம் தொடவில்லை. பின்னால் நகர்ந்தாள். பிறகு சமையற்கட்டுக்குப் போய் ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அடையாளத்துக்கு அதன் கழுத்தில் சிவப்பு நூலைச் சுற்றி, குடோன் கதவுக்கு வெளியே ஓர் ஆணியடித்து மாட்டினாள்.

"இனிமே நீ இதுலதான் குடிக்கணும். குடிச்சிட்டு நீயே கழுவி இதுலயே மாட்டிரு."

"எனக்கு மட்டுமா?"

"இருமுனது நீதான?"

சொக்கம்மாள் டம்ளரையே பார்த்தாள். "எங்கம்மா சொல்லும். அவங்க ஊர் டீக்கடையில இப்டித்தான் ஆணில மாட்டி வெச்சிருப்பாங்களாம். அதுக்காகவே அந்த ஊர உட்டுட்டு பட்டணம் வந்துச்சு."

"இது அது இல்ல. இது காய்ச்சலுக்காக" என்றாள் சுகிர்தம். காது சிவந்துவிட்டது.

"சர்தாம்மா" என்று சொல்லிவிட்டு சொக்கம்மாள் மிளகாய்க்குத் திரும்பினாள்.

மத்தியானம் சாப்பிடும்போது வேதமாணிக்கம் சொன்னார். "அது நல்லாயில்ல சுகிர்தம். ஒரு காலத்துல நம்ம ஆட்களையே ஊர்ல வெளிய நிறுத்துனானுவ. உனக்குத் தெரியாததா?"

"நான் சாதியா பாத்தேன்? சுகாதாரம் பாத்தேன்" என்றாள் அவள். அன்றைக்கு வாசலில் வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர்கூட இருமினார்கள். அவர்களுக்கு முழங்கைப் பாடம்தான் கிடைத்தது, ஆணி கிடைக்கவில்லை. அதை வேதமாணிக்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாம்பார்க் கிண்ணம் பறந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. பலகார மாவும் முந்திரியும் பாக்கெட் போட்டு மாளவில்லை. அப்படியொரு காலையில் சுகிர்தத்தால் எழுந்திருக்கவே முடியவில்லை. எலும்பெல்லாம் குடைந்தது, கண் எரிந்தது. என்னவென்று அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள். அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். மகள் பெனிஷா பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றாள். "தலவலி" என்றாள். வேதமாணிக்கம் கை பட்டு, "என்ன இப்பிடிச் சுடுது?" என்றார். "அடுப்புப் பக்கம் நின்னா சுடாம குளிருமா?" என்று அவர் வாயை அடைத்தாள்.

மாத்திரை வேலை செய்தது. வேர்த்துச் சூடு இறங்கியது. மாடி வீட்டில் கசாயம் காய்ச்சிக் கீழே கொண்டுவந்தபோது சொக்கம்மாள் குடோன் வாசலில் காத்திருந்தாள், முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு.

"யம்மா, ஒண்ணு கேக்கணும். எம்பொண்ணு செங்கொடி பிரசவத்துக்கு வூட்டுக்கு வந்துகீது. தலச்சன். வாயும் வயிறுமா கீற பொண்ணுக்கு இந்த ஜொரம் வந்தா ஆபத்துன்னு நர்சம்மா சொல்லிச்சு. இங்க யாருக்குனா ஒடம்பு சரியில்லன்னா சொல்லிடும்மா. நான் நாலு நாளு நின்னுக்கறேன். சம்பளம் புடிச்சிக்கினாலும் பரவால்ல."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிக் கேட்பாள்? எனக்குத்தான் காய்ச்சல், நீ வீட்டுக்குப் போ என்று ஒரு வார்த்தை போதும். பாக்கெட் வேலை கொஞ்சம் தங்கியிருக்கும். சபை வாசலில் நாலு பேர் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான் போயிருக்கும்.

"எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல" என்றாள் சுகிர்தம். "உங்க வீட்டுலயிருந்து வராம பாத்துக்கோ."

சொல்லிவிட்டுக் கரண்டியில் கொஞ்சம் கசாயம் எடுத்து, காரம் சரியா என்று ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தாள். அடுப்படிப் பழக்கம், கை தன்னால் செய்தது. அந்தக் கரண்டியையே பாத்திரத்தில் விட்டு முகந்து, சிவப்பு நூல் டம்ளரில் ஊற்றினாள். டம்ளர் தனி. கரண்டி ஒன்றுதான். அன்று முழுக்கக் கதவைச் சாத்திய குடோனில், மழைச்சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் மூடிக்கொண்டு, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பாக்கெட் போட்டார்கள். பேச வசதியாக இருக்கட்டுமென்று சுகிர்தம் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டாள்.

அந்த வாரமே சொக்கம்மாள் வருவது நின்றது. சுகிர்தம் தேறிவிட்டாள். வேலைக்காரர்களுக்கே இந்தக் காலத்தில் நன்றி இல்லை, கிறிஸ்துமஸ் நேரம் பார்த்து நின்றுவிட்டாள் என்று முணுமுணுக்கவும் செய்தாள். முணுமுணுத்தாளே தவிர போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்கப் பயமாயிருந்தது.

பதில் தானாகவே வந்தது. சொக்கம்மாள் வீட்டுப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா கடைக்கு வந்தாள்.

"சொக்கம்மா இப்போதிக்கு வராதும்மா. அதுக்கு ஜொரம் வந்து போச்சு. இப்போ பொண்ணுக்கு வந்துட்ச்சு. ஆஸ்பத்திரில சேத்துகீறாங்க. மூச்சு வாங்குதாம், ஆக்சிஜன் வெச்சிகீறாங்க. இப்டியே போனா வயித்துல கீற கொழந்தைய முன்னாடியே எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு."

சுகிர்தம் கல்லாப்பெட்டியை மூடினாள். கர்த்தரே, நானா செய்தேன் என்று மனசுக்குள் கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கர்த்தர் தேவையில்லை, அவளுக்கே பதில் தெரியும்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பழக்க தோஷத்தில் பிளாஸ்க்கில் கசாயம் ஊற்றி மூடிவிட்டாள். மூடின பிறகு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. திறந்து தொட்டியில் கொட்டினாள்.

பிரசவ வார்டுக்கு வெளியே நீளமான வராந்தா. வாசலில் ஒரு டாக்டர் பெண், உள்ளே போகத் துடித்துக்கொண்டிருந்த ஓர் ஆளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். "மாத்திரை போட்டா சூடுதான் கொறையும். அடுத்தவங்களுக்கு ஒட்டுறது கொறையாது. வீட்டுக்குப் போங்க சார், இங்க எல்லாம் புள்ளத்தாச்சிங்க." அவரிடம்தான் சொன்னாள். சுகிர்தத்துக்குத் தன் கன்னத்தில் விழுந்ததுபோல் இருந்தது.

சொக்கம்மாள் எல்லோரையும் விட்டு விலகி, கடைசியில் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண்ணிரண்டும் குழி விழுந்து கிடந்தன. சுகிர்தத்தைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நீ ஏம்மா இங்கலாம் வந்த? தள்ளியே நில்லு."

பக்கத்திலிருந்த பையிலிருந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். கழுத்தில் சிவப்பு நூல்.

"நீ குட்த்ததுதான். ஜொரம் வந்தன்னைக்கே வூட்டுக்கு எடுத்தும் போய்ட்டேன். நான் இதுலதான் குடிக்கறேன். யாருக்கும் ஒட்ட வேணாம் பாரு. அன்னைக்கு நீ சொல்லச்சொல்லோ எனக்கு ரொம்ப மன்சு கஷ்டமா பூட்ச்சும்மா. தப்பா நெனச்சிட்டேன் உன்ன. நீ சொன்னதுதான் சரி. எங்கேந்தோ நான்தான் வாங்கியாந்து எம்பொண்ணுக்குக் குட்த்துட்டேன்."

சுகிர்தம் வாயைத் திறந்தாள். உடம்பப் பாத்துக்கோ என்றுதான் வந்தது. ஊரையே அதட்டுகிற வாய் அது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "செங்கொடியோட அம்மா, எத்தன தடவ கூப்பிடறது? உங்களுக்குத்தான் ஜுரம் விட்டு நாளாயிடுச்சே. கை கழுவிட்டு மாஸ்க்கோட வாங்க. அந்தப் பொண்ணு அம்மா அம்மான்னு அழுது. அழுதா இன்னும் மூச்சு வாங்கும்."

"நான் வர்லம்மா. அவ வூட்டுக்காரன் சாப்புட போய்கீறான், வந்துடுவான். என் கையாலதான் அதுக்கு வந்துச்சு. இன்னும் தொட்டு இன்னா ஆவணும்? கொழந்த பொறந்தாலும் தொட மாட்டேன். மீஞ்சூர்ல எங்க அண்ணன் வூட்டுக்குப் பூட்றேன்."

நர்ஸ் தலையிலடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. மூச்சுக்கு நடுவே துண்டு துண்டாக, அம்மா என்று. சொக்கம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"காய்ச்சல் முதல்ல எனக்குத்தான் வந்துது" என்றாள் சுகிர்தம்.

சொக்கம்மாளுக்குப் புரியவில்லை. "எப்போ?"

"நீ கேட்ட அன்னைக்கு. மாத்திரை போட்டுட்டுத்தான் உன் முன்னால நின்னேன். நான் வாய் வச்ச கரண்டியிலதான் உனக்குக் கசாயம் ஊத்துனேன். நீ எங்கயிருந்தும் கொண்டுவரல. நான்தான் உனக்குக் குடுத்தேன். நீ உள்ள போ. பிள்ளை கூப்பிடுது."

சொக்கம்மாள் ஓரடி முன்னால் வந்தாள்.

"நான் வாய் உட்டுக் கேட்டேனேம்மா."

"கேட்ட."

"புள்ளத்தாச்சி பொண்ணு கீதுன்னு சொல்லித்தானே கேட்டேன்."

சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால் தேவலை என்றிருந்தது. புளியந்தோப்பில் அதற்குப் பஞ்சமில்லை. சொக்கம்மாள் ஒன்றும் திட்டவில்லை. டம்ளரிலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினாள். சுகிர்தத்தின் கையை இழுத்து அதில் டம்ளரை வைத்தாள்.

"அப்போ இது உன்னுது" என்றாள்.

பிறகு குழாயடிக்குத் திரும்பிச் சோப்பெடுத்துக் கை கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று சுகிர்தம் கடையில் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே கழுவினாள். உதறிக் காயவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

செங்கொடி பிழைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. குழந்தையை முன்னதாக எடுக்க வேண்டிவரவில்லை. பொங்கல் கழிந்து நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது என்று கோவிந்தம்மாதான் வந்து சொன்னாள். குழந்தை எந்நேரமும் சொக்கம்மாள் மடியில்தானாம். சுகிர்தத்தை வந்து பார் என்று யாரும் கூப்பிடவில்லை. சொக்கம்மாள் இப்போது டோல்கேட் பக்கம் வேறொரு கடையில் பருப்பு புடைக்கிறாள்.

சோப்பு டிரம் இன்னும் கல்மண்டபம் கடை வாசலில் இருக்கிறது. குடோனில் ஒரு புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் தாகமெடுத்து, கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய சிவப்பு நூல் டம்ளரை எடுக்கப் போனாள்.

"அத எடுக்காத மக்களே" என்றாள் சுகிர்தம். "உள்ள நிறைய டம்ளர் இருக்கு, எதுல வேணும்னாலும் குடி. அது என்னுது."