சிங்கம் எழுதிய கை

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா மீனாட்சியம்மாள் கேசரியைப் பாதியோடு நிறுத்திவிட்டுத் தட்டைக் கீழே வைத்தபோதே எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அந்த அம்மாள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். புஷ்பம் காப்பித் தட்டை நீட்டினாள், அந்த அம்மாள் அவள் கையைப் பார்த்தாள், அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. "சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்து போனவர்கள், தரகரிடம் சொல்லி அனுப்பியதும் ஒரே வார்த்தைதான்: "கொஞ்சம் பொறுப்போம்."

பெண் வீட்டுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

புஷ்பம் என் வீட்டுக்காரர் அய்யாதுரையின் ஒரே தங்கை. ரங்கநாதன் தெருவில் எங்களுக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை, மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் வீடு. மாப்பிள்ளை கனகராஜுக்கு உஸ்மான் ரோட்டில் ஜவுளிக் கடை. இரண்டு குடும்பமும் திருநெல்வேலிச் சீமைதான். அது எழுபத்து மூன்றாம் வருஷம். அதைவிட நல்ல இடம் எங்களுக்கு அமையப்போவதில்லை.

புஷ்பத்துக்கு ஒரு வருஷமாக ஒரு சங்கடம். பாவாடை நாடா இறுக்கிய இடம், வளையல் ஏற்றிய இடம், சொறிந்த இடம் எல்லாம் சிவந்து தடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். யாராவது கேட்டால் என் மாமியார், "வேர்க்குரு" என்பாள். மார்கழியில் என்ன வேர்க்குரு என்று நான் கேட்டால் முறைப்பாள். பெருநோயாக, குஷ்டமாக இருக்குமோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. வாயைத் திறந்து சொன்னால் வந்துவிடும் என்பதுபோல யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவள் முழங்கைக்குக் கீழே பட்டையாகச் சிவந்திருந்தது. அதை அந்த அம்மாள் பார்த்துவிட்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தோம்.

"இது அக்கிதான், எழுதிட்டா சரியாப் போயிரும்" என்றாள் மாமியார். அக்கிக்கு மருந்து குயவரிடம். காவியைக் குழைத்து அதன்மேல் சிங்கம் வரைவார், சிங்கத்துக்குப் பயந்து அக்கி ஓடிவிடும். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. மூவருமாகச் சைதாப்பேட்டைக்குப் போனோம்.

"பயப்படாதம்மா, மூணு தபா எழுதினா எறங்கிடும். சிங்கத்தைப் பாத்துட்டு அக்கி நிக்குமா இன்னா?" என்று சொல்லிக்கொண்டே அந்தக் குயவர் தென்னங்குச்சியைக் காவியில் தோய்த்து, புஷ்பத்தின் முன்கையில் அழுத்தி வரைந்தார். மனுஷர் கைகாரர்தான். பிடரியும் வாலுமாகச் சிங்கம் உறுமிக்கொண்டு நின்றது.

ஸ்டேஷனுக்கு வருவதற்குள் புஷ்பத்துக்கு அரிப்புத் தாங்கவில்லை. மாமியார் தடுக்கத் தடுக்க, பிளாட்பாரக் குழாயில் கையைக் கழுவிவிட்டாள். காவி போய்விட்டது. சிங்கம் போகவில்லை. சிவப்புக் கோடுகளாகத் தடித்து, பிடரி மயிர் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே நின்றது.

"ஆத்தாடி!" என்று மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "தெய்வக் குத்தம்ட்டி! கழுவாதன்னு சொன்னேன்லா!"

ரயில் பிடித்து, வீட்டுக்கு நடந்து, விளக்கேற்றிய நேரத்தில் பார்த்தால் கை மழமழவென்று இருந்தது. சிங்கம் போன இடம் தெரியவில்லை. எனக்கு வந்ததே கோபம். "ஏன் அத்தை, பிடரியும் வாலும் வச்சுக்கிட்டு எந்த ஊர்ல அக்கி வருது? குச்சி பட்ட இடந்தான் தடிக்கி. நாளைக்கு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகத்தான் போறேன். யாரு தடுக்கான்னு பாக்கேன்!" என்றேன். யாரும் தடுக்கவில்லை.

பனகல் பார்க் பக்கத்தில் டாக்டர் சூடாமணி என்று ஒரு அம்மாள். மயிலாப்பூர்க்காரி. சிங்கத்தின் கதையைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பஞ்சால் தொட்டு, "தெரியறதா?" என்று அங்கங்கே கேட்டாள். எல்லா இடத்திலும் தெரிந்தது. அப்புறம் பேனா மூடியின் நுனியால் புஷ்பத்தின் கையில் அவள் பெயரை எழுதினாள்.

"கொஞ்சம் இருங்கோ" என்றாள்.

இருந்தோம். முதலில் கோடு சிவந்தது, பிறகு மெல்ல எழும்பியது. கையில் 'புஷ்பம்' என்று பூத்து நின்றது.

"சில பேருக்குத் தோலே இப்படித்தான். அழுத்தினா, கீறினா தடிச்சுண்டு வரும். அரைமணி ஆனா அதுவே போயிடும். ஒட்டிக்காது, ஒண்ணும் பண்ணாது. ரொம்ப அரிச்சா மட்டும் இந்த மாத்திரையைப் போட்டுக்கச் சொல்லுங்கோ."

"அப்ப இது... அந்தப் பெரிய வியாதி..." என்று இழுத்தேன்.

"அது இப்படி வந்து தலையைக் காட்டிட்டுப் போற விருந்தாளியா என்ன? நிம்மதியா ஆத்துக்குப் போங்கோ."

வெளியே வந்ததும் பார்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். புஷ்பமோ கையில் மங்கிக்கொண்டிருந்த பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் அப்படிச் சிரித்தாள்.

சரி, வியாதி இல்லை. அதை மாப்பிள்ளை வீட்டில் யார் போய்ச் சொல்வது? "நாமளாப் போயி சொன்னா இருக்கறதும் கெட்டுப்போகும்" என்று மாமியார் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் மீனாட்சியம்மாளே தனியாக வந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நேரே புஷ்பத்திடம் போய்க் கையைப் பிடித்தாள்.

"தாயி, எங்கிட்ட மறைக்காமச் சொல்லு. உன்னை இந்த வீட்ல யாரு அடிச்சா?"

மாமியார் ஏதோ சொல்ல வர, மீனாட்சியம்மாள் கையமர்த்தினாள்.

"அன்னைக்கு உன் கையில நாலு வெரலும் அப்படியே பதிஞ்சிருந்துச்சே! அடிச்சுச் சம்மதிக்க வச்ச பிள்ளைய எம் மவனுக்குக் கட்டிவைக்க எனக்கு மனசு வரல. அதான் பொறுப்போம்னேன். உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லிரு. நானே வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும்."

நாங்கள் எதற்கோ பயந்துகொண்டிருக்க, அந்த மகராசி இதற்காகவா சோறு இறங்காமல் இருந்தாள்!

"அந்த நாலு வெரலும் என்னோடதுதாம்மா" என்றேன். "வெக்கப்பட்டுக்கிட்டு அடுப்படியவிட்டு வரமாட்டேன்னா. கையப் பிடிச்சு இழுத்தேன், அவ்வளவுதான். இவளுக்குத் தொட்டாலே தடிக்கும்."

மீனாட்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடிச்சவளும் அப்படித்தானே சொல்லுவா?"

அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

புஷ்பம்தான் அசைந்தாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, அதன் மொண்ணை நுனியால் முன்கையில் எதையோ எழுதி, கையை மீனாட்சியம்மாள் முன்னால் நீட்டினாள். கையில் ஒன்றுமே இல்லை. அந்த அம்மாள் விழித்தாள். ஒரு வருஷமாக வராதே, வராதே என்று கும்பிட்ட நான், அன்றைக்கு 'வந்து தொலையேன், முருகா' என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தது. சிவப்பு ஓடி, தடித்து, எழுத்தாக எழும்பியது. மீனாட்சியம்மாள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"ச... ம்... ம... த... ம்."

புஷ்பம் தலை நிமிரவில்லை. எங்கள் வீட்டில் அவளை யாரும் கேட்காத கேள்வியை அந்த அம்மாள் கேட்டாள், அதற்கு இவள் பதில் எழுதிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி போடுகிறேன் என்று எழுந்தாள்.

"காப்பி இருக்கட்டும்" என்றாள் மீனாட்சியம்மாள். "இது எவ்வளவு நேரம் இருக்கும் தாயி?"

"அரைமணிதான் இருக்கும் அத்தை."

"எம் மவன் கடையிலதான் இருக்கான். உனக்கு இஷ்டமோ இல்லியோன்னு அவன் ராத்திரியெல்லாம் தூங்கல. எந்திரி, அழியறதுக்குள்ள காட்டணும்!"

நான் செருப்புக்கூடப் போடாமல் ரிக்ஷாவைக் கூப்பிடத் தெருவுக்கு ஓடினேன்.