அக்காவின் கார்டு

தங்கச்சி விடிந்ததிலிருந்து இரண்டாவது முறை வாந்தி எடுத்தபோதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனைதான். கெட்ட நேரத்தில் வரும் நல்ல யோசனையை நம்பக் கூடாதென்று அவளுக்கு யார் சொல்வது?

அக்காவுக்குத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, தொழிலாளர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். தங்கச்சி நாலு வீட்டில் தரை துடைப்பவள். அவளுக்குக் கார்டும் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. தனியார் ஆஸ்பத்திரிப் படியேறினால் இருக்கிற வீட்டுச் சாமான் அத்தனையும் விற்றாலும் போதாது. முகமோ இருவருக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று. அப்புறமென்ன? கார்டு கைமாறியது. அக்காவின் பேர், பிறந்த தேதி, கம்பெனி நம்பர் எல்லாவற்றையும் தங்கச்சி வலியோடு வலியாக மனப்பாடம் செய்தாள். ஒரே ஆள் மெஷினிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்க முடியாதே என்று அக்கா லீவும் சொல்லிவிட்டாள். அவ்வளவு உஷார்!

வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார்கள். கவுன்டர்காரர் போட்டோவைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டருக்குச் சின்ன வயசு. வயிற்றின் வலது பக்கத்தைச் சட்டையோடு அழுத்திக் கையை எடுத்தார். தங்கச்சி துள்ளிவிட்டாள்.

"குடல்வால் மாதிரிதான் தெரியுது" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியவர், பழைய ஃபைலைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அட, உங்களுக்குத்தான் எட்டு வருஷம் முன்னாடி இங்கயே குடல்வாலை எடுத்தாச்சே! அப்ப இது வாயுப் பிடிப்புதான். மாத்திரை தரேன், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டதே! பேரை யோசித்தாள், நம்பரை யோசித்தாள், தன் வயிற்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டாள். அன்று இதே கட்டடத்தில் வேறொரு டாக்டர், இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்று அவளைத் திட்டியது ஞாபகம் வந்தது.

"அது மறுபடி வளருமா டாக்டர்?" என்று கேட்டாள். பைத்தியக்காரக் கேள்விதான். வேறு என்னத்தைக் கேட்பாள், பாவம்!

"அது என்ன நகமா, வெட்ட வெட்ட வளர?" டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

தங்கச்சிக்கும் விளங்கிவிட்டது. அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, "வா, போலாம். மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றாள். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அடுத்தவர் கார்டைக் காட்டினால் கார்டும் போகும், வேலையும் போகும் என்று வாசலிலேயே போர்டு மாட்டியிருந்தார்கள்.

கதவுக்கு நாலு எட்டு. மூன்றாவது எட்டில் தங்கச்சி அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டர், இவ நான் இல்ல!" அக்கா அலறினாள். "அந்த ஃபைல் என்னோடது. எடுத்தது என் வயித்துல!"

மேல்சட்டையை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள். அடுத்த நோயாளியாக உள்ளே வந்த ஆண்பிள்ளை சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கம் பார்க்கிற நேரமா அது?

டாக்டர் ஓடிவந்து தங்கச்சியின் வயிற்றைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. "அறிவிருக்கா உங்களுக்கு? அனுப்பியிருப்பேனே! செத்திருப்பாளே!" என்று கத்தினார். நர்ஸை அழைத்து, உடனே தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

சத்தம் கேட்டு வந்த கவுன்டர்காரர், "கார்டு இல்லாதவங்களுக்கு வைத்தியம் பார்க்க இங்க ரூல் இல்ல டாக்டர்" என்றார்.

"மொதல்ல உசுரு. ரூலை அப்புறம் நீங்களும் நானும் பேசிக்கலாம்."

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி தங்கச்சி அழுதாள். "பாவி, உன் வேலை போச்சேக்கா!"

"போனாப் போகுது. நீ போயிட்டா நான் யாரோடடி சண்டை போடுவேன்?"

தியேட்டர் கதவு மூடியது. கவுன்டர்காரர் கார்டை வாங்கிக்கொண்டு, ஏமாற்றியதை ஒப்புக்கொள்ளும் தாளை நீட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். அவர் குரலைத் தாழ்த்தி, "இனிமே உனக்கு ஏதாச்சும் வந்தா எங்கம்மா போவே?" என்று கேட்டார். நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார்.

"வரக் கூடாது சார்" என்றாள் அக்கா. "இனிமே எனக்கு எதுவுமே வரக் கூடாது."