காலிறுதியில் இரண்டு சம்பந்திகள்

எங்கள் வழக்கப்படி மருமகள் மாமனாரின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் அன்று எங்கள் ஊரான சோல்பொன்-அத்தாவின் விளையாட்டு அரங்கின் சுவரில் பில்லியர்ட்ஸ் போட்டியின் காலிறுதிப் பட்டியலை ஒட்டியபோது, அதை வாசித்துச் சொல்ல வேண்டியவள் நானாகிப் போனேன். மாமாவின் கண்ணாடி காரில் கிடந்தது. என் அப்பாவோ தனக்குக் கண்ணாடி தேவை என்பதையே இன்னும் ஒப்புக்கொள்ளாதவர்.

"எனக்கு யாரும்மா?" என்று அப்பா கேட்டார்.

பட்டியலில் ஒராஸ் என்ற பெயருக்கு எதிரே தொக்தோசுன் என்று இருந்தது. ஒராஸ் என் அப்பா. தொக்தோசுன் என் மாமனார்.

"உங்களுக்கு எதிரா... எங்க வீட்டுப் பெரியவர்ப்பா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மாமா மார்பில் கைவைத்துக் குனிந்து, "உங்களோட ஆடக் குடுத்து வச்சிருக்கணும் சம்பந்தி" என்றார். அப்பா அதைவிடத் தாழக் குனிந்து, "பாக்கியம் என்னுது" என்றார். நடுவில் நின்ற நான் பட்டியலை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம், கஜகஸ்தானில், தராஸ் நகரத்தில் மாட்டு வைத்தியர். மாமா பிஷ்கெக்கிலிருந்து கராகோல் வரை முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவருக்கும் பிரமிட் பில்லியர்ட்ஸ் என்றால் உயிர். எனக்கும் எர்மெக்குக்கும் திருமணமாகி மூன்று வருடம் ஆகியும் அவர்கள் ஒரே மேசையில் ஆடியதே இல்லை. எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு: மாப்பிள்ளை நூறு வருஷத்துக்கு, சம்பந்தி ஆயிரம் வருஷத்துக்கு. ஆயிரம் வருடத்து உறவை ஒரு சாயங்கால ஆட்டத்தில் கெடுத்துக்கொள்ளுவானேன் என்று இருவரும் நழுவினார்கள். விருந்தில் உட்கார்ந்தால், மரியாதைக்குரியவருக்கென்று வைக்கும் ஆட்டுத் தலையை இவர் அவர் பக்கம் தள்ளுவார், அவர் இவர் பக்கம் தள்ளுவார். அது ஆறிப்போகும். மூன்று வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் நலமா, கால்நடை நலமா, பாதை நலமா என்பதுதான்.

ஆனால் தனியாக என்னிடம் பேசியது வேறு. "உங்க மாமா கோல் பிடிக்கிறத போட்டோவுல பாத்தேன். பஸ் கியரு மாதிரி பிடிக்கிறாரு. எங்கிட்ட ரெண்டு ஆட்டம் தாங்க மாட்டாரு" என்று அப்பா தொலைபேசியில் சொல்வார். "உங்கப்பா நல்ல மனுஷன். ஆனா மாட்டுக்கு ஊசி போடுற கைக்கு இந்த ஆட்டம் எங்க வரப்போகுது" என்று மாமா தேநீர் உறிஞ்சியபடி சொல்வார். இரண்டையும் கேட்டுக்கொண்டு சிரித்து வைப்பேன்.

இந்த வசந்தத்தில் அறுபது வயது தாண்டியவர்களுக்கான சர்வதேசப் போட்டியை எங்கள் ஏரிக்கரை ஊரிலேயே வைத்தார்கள். ரஷ்யா, பெலாரஸ், மால்டோவா, உஸ்பெகிஸ்தான் என்று பல இடங்களிலிருந்து பெரியவர்கள் கோலை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அப்பா குதிரை இறைச்சித் தொத்திறைச்சியும் என் மாமியாருக்கு ஒரு சால்வையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில்தான் தங்கினார். முதல் இரண்டு சுற்றுகளில் இருவரும் ஜெயித்தார்கள். பிறகுதான் அந்தப் பட்டியல்.

மத்தியானச் சாப்பாடு வீட்டில்தான். அப்பா கை கழுவப் போன நேரத்தில் என் மாமியார் புர்மகான் அத்தை மாமாவின் காதருகே குனிந்தார்.

"இந்தாங்க. வீட்டுக்கு வந்த சம்பந்தியத் தோக்கடிச்சிட்டு இந்தக் கதவத் தட்டாதீங்க."

"அப்ப நான் தோக்கணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா? ஜெயிக்காதீங்கன்னுதான் சொன்னேன்."

அப்பா திரும்பி வந்தபோது அவருடைய கைபேசி அடித்தது. தராஸிலிருந்து அம்மா. அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்டது: "பொண்ணு குடுத்த இடம்ங்க! ஜெயிச்சுத் தொலைச்சிடாதீங்க!" அப்பா கைபேசியை மார்போடு அழுத்திக்கொண்டு, "வானிலை கேக்கிறா" என்றார்.

ஆட்டம் தொடங்கியபோது அரங்கில் கூட்டம் இருந்தது. பக்கத்துச் சுகவாச விடுதியில் தங்கியிருந்த ரஷ்யப் பெரியவர்கள் குளிர்பானம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எர்மெக்குக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

"நான் யாருக்குக் கைதட்டட்டும்?" என்று எர்மெக் கேட்டான்.

"ரெண்டு கையையும் மடியில வச்சுக்க" என்றார் அத்தை.

அடுக்கிவைத்த பந்துகளை முதலில் அடித்துச் சிதறவைத்து 'உடைப்பது' யார் என்பதிலேயே தகராறு. "நீங்க உடையுங்க சம்பந்தி." "ஐயோ, நீங்க இருக்கும்போது நானா?" நடுவர் ஸினாய்தா பாவ்லொவ்னா, முன்பு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை, கையுறை போட்ட விரலால் அப்பாவைக் காட்டி, "நீங்க" என்றார். அதோடு அது முடிந்தது.

எங்கள் பிரமிட் ஆட்டத்தில் பந்து பெரியது, மேசையோரத்துக் குழியான பாக்கெட்டின் வாய் சிறியது. பந்து உள்ளே போக ஒரு தீப்பெட்டி அட்டை அளவுதான் இடம் மிச்சம். எந்தப் பந்தால் எந்தப் பந்தை வேண்டுமானாலும் அடிக்கலாம், முதலில் எட்டுப் பந்து போட்டவருக்கு அந்த ஆட்டம். ஐந்து ஆட்டம் ஜெயித்தால் அரையிறுதி. தவறவிடுவதற்கு எங்கள் மேசையைப்போல் வசதியான மேசை உலகத்தில் கிடையாது. அன்று இரண்டு பெரியவர்களும் அந்த வசதியை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அப்பா ஒரு பந்தை மூலைக்குத் தள்ளினார். அது பாக்கெட்டின் வாயில் மோதி நின்றது. ஊதினாலே விழும். மாமா வந்து பார்த்தார், கோலை நீட்டினார், பக்கத்துப் பந்தைத் தடவிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வயசாயிடுச்சு சம்பந்தி!" அப்பாவும் போய் அதே பந்தைத் தவறவிட்டு, "எனக்குந்தான்!" என்றார். பந்துகள் தாமாகத்தான் விழுந்தன. ஒரு ஆட்டம் மாமாவுக்கு வந்து சேர்ந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்தது அப்பாவுக்கு வந்தது. அவரும் மன்னிப்புக் கேட்டார்.

"தாத்தா, பந்தைத் தாலாட்டித் தூங்க வைக்கிறீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். சிலர் எழுந்து போனார்கள்.

ஸினாய்தா பாவ்லொவ்னா இருவரையும் அழைத்தார். "நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தவ. யாரு ஓட முடியாம நிக்கிறான், யாரு ஓடாம நிக்கிறான்னு எனக்குத் தெரியும். இடைவேளைக்கு அப்புறமும் இப்படி ஆடினா ரெண்டு பேரையும் வெளியேத்திடுவேன்."

பள்ளிப் பிள்ளைகள் மாதிரி இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பாவின் காது சிவந்திருந்தது. மாமா தன் கோலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் இந்தப் போட்டிக்காகக் குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்ததை நான் அறிவேன். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கீழே போனேன். "எங்கடி போற?" என்று அத்தை என் கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டேன்.

தடுப்புக் கயிற்றின் அருகே நின்று இருவரையும் கூப்பிட்டேன்.

"மாமா, எங்கப்பா உங்களப் பத்தி என்ன சொல்றார் தெரியுமா? கோல பஸ் கியரு மாதிரி பிடிக்கிறீங்களாம். ரெண்டு ஆட்டம் தாங்க மாட்டீங்களாம்."

"ஜாதிரா!" என்றார் அப்பா.

"அப்பா, மாமா உங்களப் பத்தி என்ன சொல்றார் தெரியுமா? மாட்டுக்கு ஊசி போடுற கைக்கு இந்த ஆட்டம் வராதாம்."

"மருமவளே!" என்றார் மாமா.

"மூணு வருஷமா ரெண்டு பேரு பேச்சையும் நான் சுமக்கறேன். இனிமே என்னால ஆகாது. நேருக்கு நேரே தீத்துக்கங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. எர்மெக் மட்டும் என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

கீழே மாமா மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அப்பா சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார், பிரசவத்தில் சிக்கிய பசுவிடம் போகும்போது சுருட்டுவாரே, அதே மாதிரி. "பஸ் கியரா?" என்று மாமா கேட்டது மேலே வரை கேட்டது. "ஊசியா?" என்றார் அப்பா.

மாமா பந்துகளை உடைத்தார். அந்தச் சத்தத்தில் எழுந்து போனவர்கள் வாசலிலிருந்து திரும்பினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம். பந்துகள் மூலைகளில் அறைந்து விழுந்தன. மாமாவின் நீளமான கை மேசையின் பாதிவரை எட்டியது. அப்பா அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு பந்தையும் சுற்றிவந்து, மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்ப்பவர் மாதிரி பார்த்துவிட்டு, மெல்ல உள்ளே அனுப்பினார். இவர் ஒரு ஆட்டம் எடுத்தால் அவர் ஒன்று எடுத்தார். கடைசியில் நாலுக்கு நாலு. தீர்க்கும் ஆட்டத்திலும் இருவரும் ஆறு பந்து போட்டிருந்தார்கள்.

அப்போது அப்பா நடுப் பாக்கெட்டுக்குக் குறிவைத்து அடித்தார். பந்து வாயில் இடித்துத் தெறித்து, மூன்று ஓரங்களிலும் மோதிச் சுற்றி, யாரும் நினைத்தே பார்க்காத ஒரு மூலையில் போய் விழுந்தது. குறிவைக்காமல் விழும் பந்துக்கு எங்கள் ஆட்டத்தில் 'முட்டாள்' என்று பெயர். அதற்கும் கணக்கு உண்டு.

மாமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "முட்டாள்! நீ அங்கயா அடிச்ச? சொல்லு, நீ அங்கயா அடிச்ச?"

முட்டாள் என்றது பந்தை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 'நீ'? சம்பந்தியைப் பார்த்து, நாலு தேசத்துக்காரர்கள் முன்னால்! அத்தை சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். மாமாவின் முகமும் வெளிறிப்போனது.

அப்பா கோலின் நுனியில் நிதானமாகச் சாக்பீஸ் தடவினார். பிறகு மாமாவைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

"முட்டாளும் பந்துதான்டா. பொறாமையா இருந்தா நீயும் ஒண்ணு போடு."

மாமா கோலைத் தரையில் ஊன்றினார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ஸினாய்தா பாவ்லொவ்னா இருவரையும் எச்சரித்துவிட்டு, கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

ஏழு பந்தில் நின்ற அப்பா அடுத்ததைத் தவறவிட்டார். இந்தமுறை நிஜமாகவே தவறினார். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மாமா மேசைக்கு வந்து ஒரு பந்தைப் போட்டார், இன்னொன்றையும் போட்டார். அவர் ஜெயித்துவிட்டார். ஜெயித்த கையோடு எங்கள் இருக்கைப் பக்கம் பார்த்து, அத்தை முகத்திலிருந்து சால்வையை எடுக்கவில்லை என்று கண்டு, சின்னப் பிள்ளைபோல விழித்தார்.

அப்பா கோலைச் சாய்த்து வைத்துவிட்டு மேசையைச் சுற்றிப் போனார். கை கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மாமாவின் கழுத்தை வளைத்துப் பிடித்து, காதில் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு இருவரையும் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அப்பா ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அரையிறுதியில் மாமாவின் மேல்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். எதிராளி பெலாரஸிலிருந்து வந்த குள்ளமான, வாயே திறக்காத மனிதர். "டேய், மெதுவா! நடுவுல போடு, நடுவுல!" என்று அப்பா கத்த, ஸினாய்தா பாவ்லொவ்னா அவரை வெளியே அனுப்பினார். அப்பா கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். மாமா பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

"நீ ஜன்னல்ல கொடி ஆட்டினா நான் எங்க பாக்கிறது?" வெளியே வந்ததும் மாமாவின் முதல் பேச்சு அதுதான்.

"நான் சொன்ன பந்த அடிச்சிருந்தா நான் ஏன்டா ஆட்டப் போறேன்?"

"நீ காட்டினது பந்தா? ஈ ஓட்டறன்னு நெனச்சேன்."

சண்டை போட்டுக்கொண்டே ஏரிக்கரையில் சுட்ட இறைச்சி விற்கும் சாப்பாட்டுக் கடைக்கு நடந்தார்கள். ஒருவர் தோளில் மற்றவர் கை இருந்தது. நானும் அத்தையும் பின்னால் போனோம். காற்று குளிராக அடித்தது, மலைகளில் இன்னும் பனி இருந்தது. கடையில் அவர்கள் எங்களுக்கு இடம் போட மறந்து, தேநீர்க் கிண்ணங்களைப் பந்தாக வைத்து அந்தக் கடைசி ஆட்டத்தை மறுபடி ஆடத் தொடங்கியிருந்தார்கள்.

அத்தை பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். நேற்றிலிருந்து என்னிடம் அதிகம் பேசவில்லை. இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மரியாத போச்சு."

"என்மேல கோவமா அத்தை?"

அவர் அந்த இருவரையும் பார்த்தார். மாமா ஒரு கிண்ணத்தைக் கீழே தள்ளி உடைத்துவிட்டு அப்பாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவும் நானும் மூணு வருஷமா சால்வைய மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். "அவங்களுக்கு என்னதான் பிடிக்கும்?"

"சீட்டாட்டம் அத்தை. பயங்கரமா ஏமாத்துவாங்க."

அத்தையின் புருவம் உயர்ந்தது. ரொட்டியைக் கிழித்து ஒரு பாதியை என் தட்டில் வைத்தார்.

"அந்த போனக் குடு" என்றார்.