மூன்றாம் வரிசை நீலச் சட்டை

கிரிஜாவுக்குப் புனே பிடித்துப்போனது ஒரு துணிப்பையால். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை. கோயம்புத்தூரிலிருந்து புனேயின் ஔந்த் பகுதிக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கணவன் சந்துருவுக்கு ஆபீஸ் இருந்தது, ஆபீஸில் பேச ஆளும் இருந்தது. கிரிஜாவுக்கு லிஃப்ட்டில் புன்னகைக்கிற அக்கம்பக்கம் மட்டும்தான். காய்கறிக்காரரிடம் இவள் அரைகுறை ஹிந்தியில் கேட்பாள், அவர் மராத்தியில் பதில் சொல்வார், கடைசியில் இருவரும் விரல் காட்டி வியாபாரத்தை முடித்துக்கொள்வார்கள். பாட்டைப் பற்றியும் படத்தைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசி வளர்ந்த வாய்க்கு இது பட்டினி. சந்துருவிடம் பேசலாம் என்றால், எந்தப் படத்தைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல் பெயராது.

இட்லி அரிசி வாங்கப் போன கடையில் பரிச்சயமான ஜெபமணிதான் அவளை வட்டத்தில் சேர்த்துவிட்டாள். ஜெபமணி திருநெல்வேலிக்காரி, பிம்ப்ரியில் குடியிருப்பு, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். வட்டம் என்பது ஒன்பது தமிழ் வீடுகள். மாதம் ஒருமுறை ஒரு பை கிளம்பும். அதில் ஒரு படத்தின் டிஸ்க், ஒரு கச்சேரியின் டிஸ்க், ஒரு நீள நோட்டு. வீட்டுக்கு மூன்று நாள். முழுதாகப் பார்க்க வேண்டும், பார்த்த அன்றே நோட்டில் அபிப்பிராயம் எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பக்கங்களுக்கு நம்பர் போட்டு வைத்திருந்தார் வட்டத்தை ஆரம்பித்த ஜம்புநாதன். மாதக் கடைசி ஞாயிறு எல்லோரும் ஒரு வீட்டில் கூடுவார்கள். நோட்டை உரக்கப் படிப்பார்கள், சண்டை போடுவார்கள், சாப்பிடுவார்கள்.

போனில் எல்லாமே கிடைக்கிற காலத்தில் டிஸ்க் எதற்கு என்று கேட்கக் கூடாது. போனில் பார்ப்பவன் பத்தாவது நிமிஷம் வேறெதற்கோ தாவிவிடுவான், டிஸ்க்கைப் போட்டவன் கடைசிவரை உட்காருவான் என்பது ஜம்புநாதனின் கட்சி. புதிதாகச் சேர்கிற வீட்டுக்கு ஒரு பழைய பிளேயரையும் தேடிப்பிடித்துக் கொடுத்துவிடுவார்களாம். கிரிஜா வீட்டுக்கும் ஒன்று வந்தது. பொத்தானை அழுத்தி, தலையில் ஒரு தட்டும் தட்டினால்தான் தட்டு வெளியே வரும்.

முதல் இரண்டு ஞாயிறுகளிலேயே கிரிஜாவின் எழுத்துக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பாடகியின் ஆலாபனையைப் பற்றி, 'வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார், கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போக மனம் வரவில்லை' என்று அவள் எழுதியதைக் கேட்டு ஷ்யாம் என்பவர் தட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அன்று வீடு திரும்பும்போது சந்துருவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். இந்த ஊரில் தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அவளுக்கு அப்பட்டமான சந்தோஷம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்றாவது பை வந்தது டிசம்பரில்.

படம், மலை ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாள். கச்சேரி பன்னிரண்டு வருஷத்துக்கு முன் புனேயிலேயே ஒரு சபாவில் நடந்தது. பாட்டு முதல் தரம். ஆனால் நடுநடுவே காமிரா ரசிகர்களைக் காட்டியது. அதில் மூன்றாம் வரிசையில் நீலச் சட்டையும் அடர்ந்த மீசையுமாக ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் ஓங்கி ஓங்கித் தாளம் போட்டார். மேடையில் ஓடுவது எட்டு அட்சர ஆதி தாளம். அவர் கையோ எங்கோ தனிவழியில் போய்க்கொண்டிருந்தது. ஒரு முறை இல்லை, மூன்று முறை காட்டினார்கள். கிரிஜாவுக்கு அதைப் பார்த்த பிறகு பாட்டில் மனம் நிற்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

'மூன்றாம் வரிசை நீலச் சட்டைக்காரர் போடும் தாளம் நமக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் அடங்காது. பக்கத்தில் இருப்பவர் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்திருந்தால் கைக்கு வேலை கிடைத்திருக்கும், நமக்கும் நிம்மதி கிடைத்திருக்கும்.'

எழுதியதைத் தானே ஒருமுறை படித்துச் சிரித்துவிட்டுப் பையை ஜெபமணி வீட்டுக்கு அனுப்பினாள். நான்காம் நாள் காலை ஜெபமணி போன் செய்தாள். எடுத்த எடுப்பில் ஒரே சிரிப்பு.

"ஏ அக்கா, பெரிய தைரியசாலிதான் நீங்க. எங்க யாருக்கும் இந்தத் துணிச்சல் வரல."

எதற்கு என்று கிரிஜா கேட்டாள். மறுமுனையில் சிரிப்பு சட்டென்று நின்றது.

"அப்போ தெரியாமலா எழுதினீங்க? அக்கா, அது நம்ம ஜம்புநாதன் சார்லா."

கிரிஜா சேர்ந்ததிலிருந்து ஜம்புநாதன் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார், இந்த மாதத் தொடக்கத்தில்தான் திரும்பியிருந்தார். அவரைப் பார்த்ததே இல்லை. ஜெபமணி மிச்சத்தையும் சொன்னாள். ஒவ்வொரு டிசம்பரும் இந்த டிஸ்க்கைப் பையில் வைப்பது அவர்தான். தான் தெரிகிற அந்த மூன்று இடங்களுக்காகத்தான் வைக்கிறார், பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று மற்ற ஏழு வீடும் பன்னிரண்டு வருஷமாக 'கச்சேரி பிரமாதம்' என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது. பை எங்கே என்று கிரிஜா கேட்டாள். கடைசி வீடு அவருடையதுதான். ஜெபமணியின் கணவர் காலையிலேயே வானவடியில் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இந்த மாதக் கூட்டமும் அங்கேதான்.

அன்று மத்தியானமே கிரிஜா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வானவடிக்குப் போனாள். போய் என்ன செய்வது என்று தெரியாது. ஒரு வரி விட்டுப்போய்விட்டது, சேர்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி நோட்டை வாங்கலாம். வாங்கி? அடிக்க முடியாது, கிழிக்க முடியாது. அந்தப் பக்கத்தில் சாம்பாரைக் கொட்டச் சொல்லியிருந்தாள் ஜெபமணி. விஞ்ஞான டீச்சர் சொன்ன வழி அது.

கதவைத் திறந்தது ஜம்புநாதனே. மீசை போயிருந்தது, தலைமுடியும் பெரும்பாலும் போயிருந்தது. ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் விறைப்பாக இருப்பார் என்று நினைத்திருந்தாள். அவரோ புது மெம்பர் தானாகத் தேடிவந்ததில் குழந்தை மாதிரி பூரித்துப்போனார். மனைவி விசாலாக்ஷியை அழைத்துக் காபி போடச் சொன்னார். இவளுடைய முந்தைய அபிப்பிராயங்களை ஷ்யாம் போனில் படித்துக் காட்டினாராம், அந்த ஆலாபனை வாக்கியத்தை மனப்பாடமாகச் சொன்னார். பை அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நோட்டைத் திறப்பதில்லை, முன்னாடியே படித்துவிட்டால் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிற சுகம் போய்விடும் என்றார்.

இப்படி ஒரு மனுஷனையா அப்படி எழுதினோம் என்று கிரிஜா பாதிக் காபியிலேயே டம்ளரைக் கீழே வைத்தாள். நோட்டைக் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வட்டத்தில் தன் ஆயுசு ஞாயிறுவரைதான் என்று வழியிலேயே முடிவுகட்டிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. தலைவலி என்று படுத்துவிடலாமா என்று யோசித்தாள். எழுதத் தெரிந்தவளுக்கு அவர் முன்னால் போய் உட்காரவும் தெரிய வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு கிளம்பினாள். கூடத்தில் பாயும் நாற்காலியுமாகப் பதினெட்டுப் பேர். விசாலாக்ஷி ஜவ்வரிசியில் சாபுதானா வடை போட்டு அடுக்கியிருந்தார். ஜெபமணி இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் படம். ரயில் பெண்ணைப் பற்றி எட்டு வீடும் எட்டு விதமாக எழுதியிருந்தது. கதாநாயகன் நான்கு முறை அழுகிறான், நான் ஒரு முறை அழுதேன், காரணம் வேறு என்று ஷ்யாம். வில்லன்தான் நியாயமாகப் பேசுகிறான், அவன் சொன்னபடி கேட்டிருந்தால் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று ஜெபமணி. ஜம்புநாதன் ஒவ்வொன்றையும் நிறுத்தி, ருசித்துப் படித்தார். கூடம் அதிர்ந்தது. கிரிஜா ஒருத்திதான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கச்சேரி. பிரமாதம், பிரமாதம், அருமை, பிரமாதம். அடுத்தது கிரிஜா. ஜம்புநாதன் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் இரண்டு வாக்கியத்தையும் முழுதாகப் படித்தார். யாரோ கடித்த வடையை மெல்லாமல் வாயில் வைத்திருந்தார்கள். சந்துரு சீலிங் ஃபேனைப் பார்த்தான்.

"நீங்கன்னு தெரியாதுங்க சார்," என்றாள் கிரிஜா. "தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டனுங்க."

"அதை மட்டும் சொல்லாதீங்கோ," என்றார் அவர். "எழுதினது நிஜமா, இல்லையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே டிஸ்க்கைப் போட்டு, அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எந்த நிமிஷம் என்று தேடக்கூட இல்லை. ரிமோட்டை கிரிஜாவிடம் நீட்டினார். எங்கே தப்புகிறது என்று போட்டுக் காட்டுங்கள், எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் சங்கடப்படுத்தியது. மழுப்பிவிடலாம்தான். இங்கே சரியாகத்தான் போடுகிறீர்கள் என்று ஒரு பொய் சொன்னால் வடையோடு முடிந்துவிடும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

ஓடவிட்டாள். பாட்டு எட்டில் சுற்றியது, கை விலகியது. இரண்டாம் முறை ஓடவிட்டாள். இந்தத் தடவை பாட்டின் சத்தம் தொந்தரவாக இருந்தது, சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தாள். தகிட, தகதிமி. தகிட, தகதிமி. மூன்றும் நாலும் ஏழு. மறுபடி ஏழு. மறுபடியும் ஏழு. அசைந்து கொடுக்காத ஏழு. அடுத்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாள், அங்கேயும் அதே. மூன்றாவதிலும் அதே.

"சார், கை தப்பலீங்க," என்றாள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "இது மிஸ்ர சாபு. பட்டு மாதிரி போட்டிருக்கீங்க. பாட்டுத்தான் வேறைங்க. அன்னைக்கு ஏழுல ஏதாவது பாடினாங்களா?"

டிஸ்க்கில் அப்படி ஒரு பாட்டே இல்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஷ்யாம் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கச்சேரிக்கு அவர்தான் தொண்டர். மேடைக் காமிராவின் பாட்டரி நடுவில் போய்விட்டது, வேறு கொண்டுவருவதற்குள் ஒரு பாட்டு முழுதும் முடிந்துவிட்டது, அதனால் அதை டிஸ்க்கிலிருந்து விட்டுவிட்டார்கள். ரசிகர்களை எடுத்த இன்னொரு காமிரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் எடுத்த முகங்களை வெட்டி மற்றப் பாட்டுகளுக்கு நடுவே இஷ்டத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். பாட்டரி போனது பன்னிரண்டு வருஷமாக அவருக்குத் தெரியும். ஜம்புநாதனின் கை தப்புவதும் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அதைப் பற்றித்தான் யாரும் வாயே திறக்கவில்லையே.

ஜம்புநாதன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல் தடவை இந்த டிஸ்க்கைப் பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சது, என் கை சேரலைன்னு," என்றார். "சின்ன வயசிலேர்ந்து போடறேனே, இப்படியான்னு ஆயிடுத்து. வருஷா வருஷம் இதைப் பையில வச்சேன். யாராவது ஒருத்தர் ஏதாவது எழுதுவேளான்னு பார்த்தேன். ஒருத்தரும் எழுதலை. அப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு வருத்தமா இருக்குமேன்னு மறைக்கறா, அப்படின்னா தப்பு நிஜம்தான்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் எந்தக் கச்சேரியிலயும் நான் தாளம் போட்டதில்லை. கையைக் கட்டிண்டே உக்காந்திருப்பேன்."

விசாலாக்ஷி சமையலறை வாசலில் நின்றபடி, "முழங்கை வலின்னு சொன்னேள்னு தினமும் தைலம் தேச்சுவிட்டேனே, பாவி மனுஷா," என்றார். அவ்வளவுதான், கூடம் வெடித்துச் சிரித்தது. ஜம்புநாதனுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது, அல்லது இரண்டும் சேர்ந்து வந்தது. நல்லது செய்வதாக நினைத்து அவர் கையைப் பன்னிரண்டு வருஷம் கட்டிப்போட்ட ஏழு வீடும் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தது.

விட்டுப்போன பாட்டு எது என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பெயரைச் சொன்னார். கிரிஜா பத்து வயதில் பாடம் பண்ணிய பாட்டு. பாடுங்களேன் என்றாள் ஜெபமணி. புனேக்கு வந்த பிறகு கிரிஜா குளியலறைக்கு வெளியே பாடியதில்லை. டிவியில் சத்தத்தை அணைத்து, நீலச் சட்டைக்காரரை ஓடவிட்டு, அவர் கை தொடையில் விழுகிற முதல் அடிக்காகக் காத்திருந்து எடுத்தாள். பல்லவி பொருந்தி உட்கார்ந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. மூடியிருந்த அந்தக் கண்ணும், மெல்ல ஆடிய தலையும், ஓங்கி விழுந்த கையும் ஏன் அப்படி இருந்தன என்று இப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

திரையில் அந்த இடம் சீக்கிரமே முடிந்து, காமிரா மேடைக்குத் திரும்பிவிட்டது. கிரிஜா நிறுத்தவில்லை. அனுபல்லவிக்குப் போனாள். நாற்காலியில் இருந்த ஜம்புநாதனின் வலது கை கொஞ்சம் தயங்கி எழுந்து, வேட்டியின் மேல் விழுந்தது. முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி, பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி. அவள் பாடி முடித்த பிறகும் அந்தக் கை இரண்டு சுற்று போட்டுவிட்டுத்தான் நின்றது.