மேனேஜருக்கு வேண்டிய படிப்பு

ஆரணியில் மூன்று மாடிப் பட்டுச்சேலைக் கடை அது. எச்.ஆர். பிரிவில் சுதாகரும் பவித்ராவும் இருந்தார்கள். மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது.

அது கிடைக்காவிட்டால் சுதாகருக்குக் கல்யாணமில்லை. சந்தவாசல் எழிலரசியைப் பார்த்து, பிடித்துப்போய், "கல்யாணத்துக்கப்பறம் நீ எதுக்கு வேலைக்குப் போவணும்?" என்று போனில் பெரிய மனதோடு சொல்லியும் விட்டான். அவள் அப்பா பன்னீர்செல்வம்தான், "மாப்ள மேனேஜர் ஆவட்டும், தேதி வெச்சிக்கலாம்" என்று ஒரே பிடியாக நின்றார்.

முதலாளி நெடுஞ்செழியன் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். "இன்னா படிச்சிருக்கணும்னு நீங்களே எழுதிகினு வாங்க. பேப்பர்ல போட்டுடலாம்" என்றார்.

பவித்ரா முந்திக்கொண்டாள். "எம்.பி.ஏ., கல்லூரிக்குச் சென்று படித்தது" என்று எழுதினாள். சுதாகருடையது அஞ்சல்வழி.

"தபால்ல படிச்சிட்டு ஆளுங்கள எப்பிடிங்க புரிஞ்சிக்க முடியும்?" என்றாள்.

சுதாகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்குமே தகுதி இல்லையென்றால் கடைசியில் சீனியரான தன்னிடம்தானே வருவார்கள்? தரகர் அனுப்பிய எழிலரசியின் பயோடேட்டா போனில் இருந்தது. கல்லூரிக்குப் போய் எம்.பி.ஏ. முடித்த மகளை, ஒவ்வொரு வரன் தட்டிப்போனபோதும் பன்னீர்செல்வம் ஒரு கோர்ஸில் சேர்த்துவிட்டிருந்தார். தொழிலாளர் சட்டத்தில் டிப்ளமோ, சம்பளக் கணக்குச் சான்றிதழ், வெளிநாட்டு எச்.ஆர். சான்றிதழ் என்று பட்டியல் நீண்டது. ஒன்றுவிடாமல் பார்த்து எழுதினான். பவித்ராவிடம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. இத்தனையும் படித்தவள் ஒருத்தி இருப்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். அவளும் வேலைக்கு மனு போடுவாள் என்றுதான் தோன்றவில்லை.

வந்தது ஒரே மனு. அடுத்த திங்கள்கிழமை எழிலரசி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"விளம்பரம் யாருங்க எழுதனது? என் பயோடேட்டாவப் பாத்து எழுதனாப்பல இருக்குதே."

பவித்ரா சந்தோஷமாகச் சுதாகரைக் கை காட்டினாள்.

சுதாகர் வெளியே ஓடிப்போய்ப் பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டான்.

"பொண்ணே மேனேஜர் ஆயிட்டா தம்பி. மாப்ள அதுக்கு மேல இருந்தாத்தான மரியாதை? வேற எடம் பாத்துகினு இருக்கோம்" என்றார் அவர்.

கண்ணில் நீர் முட்ட உள்ளே வந்தான். மேனேஜர் வேலை கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் அவன் முன்கூட்டியே கொடுத்திருந்த லீவு மனு எழிலரசியின் மேஜையில் இருந்தது.

"கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டிருக்கீங்க" என்று நிமிர்ந்தாள். "பொண்ணு யாருங்க?"